கட்டுப் போட்ட சூப்பர் ஹீரோ

ராஜபாளையத்தில் பேருந்து ஏறியபோது என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, பேண்டேஜ் துணி ஓடும் விசைத்தறியில் வேலை பார்ப்பவர். தலையெல்லாம் பஞ்சுத்தூசி. எந்தத் துணியைக் கண்டாலும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிடுவார். என் துப்பட்டாவும் தப்பவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புதிதாக வந்திருந்த சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றி நான் எழுதிய விமர்சனத்தை, அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டியில் வாசிக்க வேண்டும். அவன் எப்படி வீரனானான் என்ற பழைய கதையை மறுபடியும் எடுத்தது வீண்வேலை என்பது என் முடிவு. அக்காவிடம் அதைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"என்னட்டி இப்படி எழுதிட்ட? பழைய படத்துல அவனுக்கு ரத்தமே வராது. இதுல விழுந்து எந்திச்சு, கட்டுப் போட்டுக்கிட்டுல்லா பறக்கப் படிக்கான்! கட்டுத்துணிகூட நம்ம தறியில ஓடுனது மாதிரியே இருக்கு. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். நீ எத்தன தடவ பாத்த?"

நான் டிரெய்லர் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"ஸ்டாப் வந்துருச்சுக்கா" என்று எழுந்துகொண்டேன்.

போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு. படத்தைப் பார்த்துவிட்டு விமர்சனம் சொன்ன ஒரே ஆளைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தேன்.