சிகரெட் நாற்றத்தின் சௌகரியம்

நெஞ்சு படபடக்க ஆரம்பித்தால் அதை நான் கேஸ் ட்ரபிள் என்றுதான் சொல்வேன். விருத்தாசலத்தில் அந்த வருடங்களில் யாருக்கு என்ன வந்தாலும் கேஸ்தான். மாரடைப்பில் போனவரைக்கூட, கேஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகும் ஊர். அதனால் என் பேச்சை யாரும் சந்தேகப்படவில்லை. என் மனைவி மட்டும் அளவுக்கு மீறி நம்பிவிட்டாள். ஓமத் தண்ணீர், பூண்டுப் பால், பெருங்காயம் கரைத்த மோர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, பக்கத்தில் வந்தாலே ரசம் மணக்கிற ஆளாக என்னை ஆக்கி வைத்திருந்தாள்.

உண்மையில் அது பயம். எதைக் கண்டு பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஃபியூஸ் கட்டை, ஹீட்டர் கம்பியைக் கோக்கிற பீங்கான் குழாய், இப்படி மின்சாரச் சாமான்கள் செய்வோம். தகதகவென்று எரியும் சூளைக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை பாக்கைப் பற்றிப் பேசுவேன், ஒன்றும் ஆகாது. பஸ்ஸில் உட்கார்ந்து சும்மா கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டு போகும்போது வரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்த்து வழியும், மூச்சு பாதியில் நிற்கும், இதோ சாகப்போகிறேன் என்று தோன்றும். பஸ் எங்கே நின்றாலும் குதித்து இறங்கி ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பேன். அது தீர்வதற்குள் நான் சாகவில்லை என்பது தெரிந்துவிடும். காப்பாற்றியது சிகரெட்தான் என்று எடுத்துக்கொள்வேன்.

டாக்டர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் முன்னால் போய் நான் நின்றது பல தடவை. ஒவ்வொரு தடவையும் பொறுமையாக ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார். கடைசியில் ஒருநாள் அந்தக் காகிதத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"ஒங்க இதயம் என்னோடத விட நல்லா இருக்குது சார். இது மனப்பதட்டம். மாத்திரை எழுதறேன், ஒழுங்கா சாப்புடுங்க. சிகரெட்ட வுட்டுடுங்க. அது படபடப்ப கூட்டத்தான் செய்யும். வூட்டுல மனசு வுட்டுப் பேசுங்க."

மூன்றில் மாத்திரை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. மற்ற இரண்டும் வைத்தியம் என்றே எனக்குப் படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் பாப்பா பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் மனைவி ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தை எடை குறைவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நான் கட்டிலை நெருங்குவதற்கு முன்பே நர்ஸம்மா மூக்கைச் சுளித்துவிட்டார்.

"சிகரெட் நாத்தத்தோட கொழந்தைகிட்ட வராதீங்க சார். சின்ன சீவன், மூச்சு தாங்காது."

மிகவும் வருத்தப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போனேன். அந்த முகம் பொய். உள்ளுக்குள் எனக்கு அப்படியொரு நிம்மதி. பாப்பா என் கையில் இருக்கும்போது அந்தப் படபடப்பு வந்தால் என்ன ஆகும் என்று, அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே நினைத்து நினைத்துப் பார்த்துக் களைத்திருந்தேன். கை வெலவெலத்துப் போனால்? கை நழுவிய சாமான் சிமெண்டுத் தரையில் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்க்கிற பிழைப்பு என்னுடையது. சிகரெட் நாற்றம் இருக்கும் வரை யாரும் குழந்தையை என்னிடம் தர மாட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்ற பேருக்கு சிகரெட்காரன் என்ற பேர் எவ்வளவோ கௌரவம்.

இந்த ஏற்பாடு கொஞ்ச காலம் சௌகரியமாகவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீமுஷ்ணம் போவேன். என் மாமியார் என்னிடம் நேராகப் பேச மாட்டார். மாப்பிள்ளைக்குத் தரும் மரியாதை. கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டு, எனக்குச் சொல்ல வேண்டியதை வேறு எதற்காவது சொல்வார். அந்த வீட்டில் பெரும்பாலும் அது வாசலில் கட்டியிருந்த ஆடுதான்.

"பெத்த புள்ளய தூக்க முடியாம, அந்தக் கருமத்துல அப்படி என்னாதான் இருக்குதோ" என்று ஆட்டிடம் கேட்பார். ஆடு திரும்பி என்னைப் பார்க்கும். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கிக் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே காட்டுவாள். கோயிலில் திரை விலக்குவது போல இருக்கும். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

கெடுத்தது பால்காரர்தான். செல்போன் புதிதாக வந்திருந்த காலம். மனைவி மிஸ்டு கால் கொடுப்பாள், நான் திரும்பக் கூப்பிடுவேன். ஒருநாள் சாயங்காலம் அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"பாப்பா இப்பல்லாம் நல்லா சிரிக்கறாங்க. இன்னிக்கி பால்காரரு தூக்குனாரு, அவரப் பாத்து ஒரே சிரிப்பு."

"பால்காரரா? அவரு கையில ஏன் குடுத்தீங்க? மாட்டு நாத்தம் அடிக்காதா?"

"மாட்டு நாத்தம் பரவால்லிங்களாம். நர்ஸம்மா அதப்பத்தி ஒன்னும் சொல்லல."

போனை வைத்ததும் பெட்டியில் மிச்சமிருந்த சிகரெட்டுகளை நசுக்கித் தெருக் குப்பைத் தொட்டியில் போட்டேன். டாக்டர் சொல்லி விடவில்லை, நர்ஸ் சொல்லி விடவில்லை. ஒரு பால்காரர் மேல் வந்த பொறாமையில் விட்டேன். மறுநாள் காலையில் கோபம் தணிந்து அந்தக் குப்பைத் தொட்டியைத் தேடிப் போனபோது முனிசிபாலிட்டிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ஊரில் அவர்கள் சரியான நேரத்துக்கு வந்த அபூர்வமான நாள் அது.

விட்ட பிறகு பயம் குறையும் என்றுதானே சொன்னார் டாக்டர்? அது கூடியது. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிடுவார். எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. கம்பெனியில் அச்சைத் துடைப்பது சரியில்லை, களிமண் குழம்பைக் கரைப்பது சரியில்லை என்று நாள் முழுக்க ஒவ்வொருவர் பின்னாலும் நின்று குறை சொன்னேன். முன்பெல்லாம் நான் சிகரெட் பிடிக்க வெளியே போகும் நேரம்தான் அவர்கள் முதுகை நிமிர்த்துகிற நேரமாக இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. பொம்பளையாட்கள் எல்லாரும் கூடிப் பேசி, அவர்களில் மூத்த அம்மாவை என்னிடம் அனுப்பினார்கள்.

"சாரு, ஒங்கள கெஞ்சிக் கேக்கறோம். ஒன்னே ஒன்னு போயி ஊதிட்டு வாங்க. நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

வாய்க்கும் கைக்கும் எனக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கண்ணில் பட்டது எங்கள் சரக்கேதான். ஹீட்டருக்குச் செய்யும் குழாயில் ஒரு ரகம் அச்சு அசல் சிகரெட் அளவு, வெள்ளை வெளேர் என்று இருக்கும். பளபளப்புக்கு மேல்பூச்சு போட்டது உதட்டில் வழுக்கியது. ஆகவே பூச்சு போடாத, ஒருமுறை மட்டும் சுட்ட குழாயாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். வாயில் வைத்து உறிஞ்சினால் வெறும் காற்றுதான் வரும், ஆனாலும் மனசு கொஞ்சம் ஏமாந்தது. அப்படிப் பூச்சில்லாத பீங்கான் ஈரத்தை இழுக்கும், நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். சரியாக வெந்திருக்கிறதா என்று நாங்கள் நக்கிப் பார்ப்பதே அதற்காகத்தான். நாள் முழுக்க அதை நக்கிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, உதட்டிலும் ஒட்டும் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நல்ல வெயில். குழாயை வாயில் வைத்தபடி பஸ்ஸில் போனேன், வைத்தபடியே இறங்கினேன், வைத்தபடியே மாமியார் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். உதடு காய்ந்து கிடந்தது.

"பாத்தியா, வாயில வச்சிக்கிட்டே உள்ள வராங்க!" என்றார் மாமியார், ஆட்டிடம்.

பதறிப்போய் வெடுக்கென்று இழுத்தேன். குழாய் வரவில்லை. உதடு வந்தது. நான் போட்ட கூச்சலில் ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு குதித்தது.

"ஐயய்யோ மாப்ள, இழுக்காதீங்க! தோல் வந்துடும், இழுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, ஒரு செம்புத் தண்ணீரை என் முகத்தில் அடித்தார். குழாய் கழன்று விழுந்தது. கூடவே கொஞ்சம் தோலும். மனைவி குழந்தையை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் நேராகப் பேசிவிட்டதை அப்புறம்தான் உணர்ந்த மாமியார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார். போகிற போக்கில் குழாயை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டார்.

நான் உண்மையிலேயே விட்டுவிட்டேன் என்பது அன்று நிரூபணமாகிவிட்டது. எனக்கு வந்தது வினை. "பாவம், எளச்சிப் போயிட்டாங்க. இனிமே புள்ளய தூக்கட்டும்" என்று ஆட்டுக்கு உத்தரவானது. உதட்டில் காயம், ரத்தம் படும் என்றேன். அடுத்த வாரம் ஜலதோஷம் என்றேன். அதற்கடுத்த வாரம் கையில் கம்பெனி மண் போகவில்லை என்றேன். மனைவி இப்போது சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெண் குழந்தை என்று எனக்கு மனக்குறையோ என்று அவள் நினைத்திருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. தெரிந்தபோது அழுகை வந்தது.

மனைவியும் பாப்பாவும் விருத்தாசலம் திரும்பும் நாள் வந்தது. நான் போய் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில், துணைக்கு வந்த மாமியார் முன்சீட்டில் தொட்டில் துணியும் பைகளுமாக உட்கார்ந்தார். பின்னால் ஜன்னலோரம் மனைவி, பக்கத்தில் நான். அவளுக்குப் பஸ் என்றாலே ஆகாது. பாதி தூரம்கூடப் போகவில்லை, முகம் வெளுத்துவிட்டது.

"என்னாங்க, புடிங்க" என்றாள். நான் சாக்குத் தேடுவதற்குள் பாப்பா என் மடியில் இருந்தாள். மனைவி ஜன்னலுக்கு வெளியே குனிந்து வாந்தி எடுத்தாள்.

ஒரு கூட்டுரோட்டில் பஸ் நின்றது. நேரமாகவில்லை என்று டிரைவரும் கண்டக்டரும் டீக்கடைக்கு இறங்கிப் போனார்கள். கடை வாசலில் யாரோ சிகரெட் பற்றவைத்தார். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது. அதோடு சேர்ந்து அதுவும் வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை ஈரமானது, மூச்சு பாதியில் நின்றது. பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலை என் முழங்கை மடிப்பில் இருந்தது. அந்தக் கை நடுங்கத் தொடங்கியதை நானே பார்த்தேன்.

"புள்ளய வாங்கு" என்றேன்.

அவள் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள். "கொஞ்ச நேரங்க. தல சுத்துது."

"வாங்கு சொல்றன். என்னால முடியல. எனக்கு பயமா இருக்குது."

அவள் நிமிர்ந்தாள். "என்னா பயம்?"

"கீழ போட்டுடுவனோன்னு பயம். அவ பொறந்ததுலேருந்து பயம். அது கேஸு இல்ல. ஒன்னுமே இல்ல, பயந்தான்."

இத்தனை வருடங்களில் முதல்தடவையாக வாயை விட்டுச் சொல்லிவிட்டேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையையும் பாப்பாவையும் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சீங்களா? மூச்சு வுடுதா, மூச்சு வுடுதான்னு விடிய விடிய மூக்குல கைய வச்சிப் பாத்துக்கிட்டே கெடக்கறன். ஒரு நாளு கண்ண மூடல. அதுக்காவ நான் யாருகிட்ட குடுத்துட்டு எறங்கிப் போறது?"

பாப்பாவை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் ஏறினார், பஸ் கிளம்பியது. படபடப்பு போய்விட்டது என்று சொன்னால் பொய். அது ரொம்ப தூரம் கூடவே வந்தது. நடுங்குகிற கையாலும் பிடித்துக்கொள்ள முடிகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் தோளில் பாரம் விழுந்தது. திரும்பினால், மனைவி என்மேல் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை மாதத் தூக்கமோ, அவ்வளவு அசந்த தூக்கம்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு வந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மாமியார் பைகளோடு எழுந்து திரும்பிப் பார்த்தார். மகளை எழுப்பாமல் மறுபடி உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் படியிலிருந்து, "என்னா சாரு, எறங்கலியா?" என்று உரக்கக் கேட்டார். சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரல் வைத்துக் காட்ட எனக்குக் கை காலியாக இல்லை.