லிஃப்டர் அண்ணன் தூக்கிப் போட்ட பந்து

வெல்டிங் பிரிவில் அவரை எல்லோரும் லிஃப்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் ஓட்டுகிறவர் போலிருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கிரேனும் இல்லை, ஒன்றும் இல்லை. வாலிபாலில் அடிக்கிறவனுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற ஆள். தாமாக ஒரு பந்தைக்கூட ஓங்கி அடித்ததில்லை. "நாம தூக்கிக் குடுப்போம், பேரை அவன் வாங்கிக்கட்டும்" என்பார். ஆண்டவன் அவருக்கு அப்படி ஒரு மனசைக் கொடுத்திருந்தான்.

ஒரே ஷிஃப்ட் இருந்தவரை சங்கு ஊதினால் போதும், பின்பக்கத்து மைதானத்தில் கூட்டம் கூடிவிடும். தோற்ற கட்சி டீ வாங்கித் தரவேண்டும். வீட்டுச் சண்டை, பிள்ளை படிப்பு, மேஸ்திரியின் திமிர் எல்லாம் அந்த டீயோடு கரைந்துபோகும். பிறகு மூன்று ஷிஃப்ட் வந்தது. கம்பெனி பஸ் வந்தது. சங்கு ஊதிய கையோடு அது கிளம்பிவிடும். விட்டால் வேறு வண்டி கிடையாது. மைதானத்தில் புல் மண்டியது.

போன வாரம் சூப்பர்வைசர் வந்து சொன்னார்: "அண்ணே, அந்த இடத்துல பஸ் நிறுத்தப் போறாங்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் பார்க்க வர்றாரு. நாலு பேர் ஆடிக்கிட்டிருந்தா நானும் பேசிப் பார்ப்பேன்."

அண்ணன் ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கெஞ்சினார். "ஒரே ஒரு நாள்டா. பஸ்ஸை விட்டுட்டு நடந்தே போயிடலாம்."

"நடக்குறதா? என் முட்டி கழண்டு உங்க கையில வந்துடும்ண்ணே" என்றான் கிரைண்டர்காரன். அவர் தூக்கிக் கொடுத்ததையெல்லாம் இடி மாதிரி அடித்தவன் அவன். ஆனாலும் வருகிறேன் என்றான். எல்லோருமே தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை அண்ணன் சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு, சங்குக்கு முன்னதாகவே மைதானத்துக்குப் போனார். வலையைக் கட்டினார். பந்துக்குக் காற்றடித்தார். சாமியை நினைத்துக்கொண்டு நின்றார். சங்கு ஊதியது. ஆட்கள் வந்தார்கள், வந்த வேகத்திலேயே வேலியோரமாக பஸ்ஸுக்குப் போனார்கள். கிரைண்டர்காரன் மட்டும் நின்றான்.

"பிள்ளையை ட்யூஷன்லேருந்து கூட்டிட்டு வரணும்ண்ணே. இன்னொரு நாள் கண்டிப்பா."

"ஒண்ணே ஒண்ணு அடிச்சிட்டுப் போயேன்டா."

தூக்கிப் போட்டார். வலைக்கு ஒரு முழம் மேலே, அவன் கைக்கென்றே அளந்து வைத்தது போல நின்றது பந்து. டிரைவர் ஹாரன் அடித்தான். கிரைண்டர்காரன் திரும்பி ஓடினான். பந்து புல்லில் விழுந்தது, எழும்பக்கூட இல்லை.

இடத்தைப் பார்க்க வந்து மைதான வாசலில் நின்ற மேனேஜர் சிரித்தார். "என்னய்யா, துணி காயப்போடவா கட்டியிருக்கே?" பிறகு சூப்பர்வைசரிடம், "திங்கட்கிழமை மண் கொட்டிடுங்க" என்றார். சூப்பர்வைசர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்களுக்காகத்தான் வண்டி நிக்குது!" என்று பஸ்ஸிலிருந்து குரல். வலையை அவிழ்க்க நேரமில்லை. பந்தோடு ஏறினார். எல்லோர் முகமும் போனில் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் இருந்தவன் தலை நிமிராமலே சொன்னான்: "பந்து இடிக்குதுண்ணே."

"இதோப்பா" என்று சட்டைப் பையிலிருந்த, காற்றடிக்கிற ஊசியை எடுத்துப் பந்தில் சொருகினார். காற்று சீறிக்கொண்டு போயிற்று. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சப்பையானதை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.