உளுவைக் குஞ்சும் ஒரு சொம்புத் தண்ணீரும்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் வளர்க்கிறவர்கள் எல்லாம் சாந்தமானவர்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. நான் மீன் வளர்த்த காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் சாந்தமாக இருந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாலக்கரையில் மாதா கோவிலுக்குப் பின்பக்கத் தெருவில் குடியிருந்தோம். வீட்டில் நான்கு பேர். ரயில்வேயில் கிளார்க்காக இருந்த என் கணவர், அவருடைய அக்கா, எங்கள் மகள், நான். கணவரின் அக்காவை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கோவில் பீடத்துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவதும், கோவில் வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டியை நிரப்பி வைப்பதும் அவர் வேலை. மகள் பிறந்து மூன்று மாதத்தில் நான் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து அவளைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, தலை பின்னிவிட்டது எல்லாம் அண்ணிதான்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். தினமும் இரண்டு தடவை காவிரிப் பாலத்தைப் பஸ்ஸில் கடப்பேன். ஆற்றில் தண்ணீர் போனால் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பார்க்க மாட்டேன். நான் பிறந்தது வேதாரண்யம் பக்கம், உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில். ஆற்றுத் தண்ணீரெல்லாம் எனக்கு ஒரு தண்ணீரா என்று இருக்கும். கல்யாணமாகி வந்து பதினொரு வருஷம் ஆகியும் எனக்குத் திருச்சியில் கால் தரிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஹாலுக்கும் மாடிக்கும் நடப்பேன். எதையாவது எடுப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன். "உக்காரேம்மா கொஞ்சம், தலை சுத்துது எனக்கு" என்பார் அண்ணி.

அப்படி இருந்தவள்தான் ஒரு வருஷம் வேளாங்கண்ணிக்குப் போனபோது கழிமுகத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, சிப்பிகளுக்கு இடையிலிருந்து ஆறு உளுவைகளைப் பிடித்தேன். உளுவை விரல் நீளம்கூட வராத மீன். மணல் நிறம், பழுப்புப் புள்ளி, தலைக்கு மேல் துருத்திய கண். வயிற்றுத் துடுப்பு கிண்ணம் போல ஒட்டியிருக்கும், அதை வைத்துக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் வலையில் வந்தால் உதறிவிட்டுப் போவார்கள். அதை நான் இரண்டு கேன் கடல் தண்ணீரோடு பஸ்ஸில் ஏற்றினேன்.

"கேன்ல என்னம்மா, மண்ணெண்ணெயா? இறக்கு இறக்கு" என்றார் கண்டக்டர்.

"வேளாங்கண்ணித் தண்ணிங்க" என்றேன். பொய் இல்லையே.

அவர் உடனே குரலைத் தணித்து, கேன் மூடியில் கசிந்ததைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாலக்கரைக்கு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது போல. எதிர்வீட்டம்மா சின்ன பாட்டிலோடு வாசலில் நின்றார். அது வெறும் கடல் தண்ணீர் என்று எவ்வளவோ சொன்னேன். "மாதா கால்மாட்டுக் கடல்தானே" என்று வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தெருவில் யார் வேளாங்கண்ணிக்குப் போனாலும் எனக்கு ஒரு கேன் வந்தது.

ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து மீனை வளர்ப்பது பெரிய விஷயமில்லை. அது குஞ்சு பொரிக்க வேண்டும், அந்தக் குஞ்சு ஒன்றாவது பிழைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி பிடித்துக்கொண்டது. ஏன் என்று கணவர் கேட்டபோது சயின்ஸ் என்று சொன்னேன். உண்மை அதுவல்ல. கடலில் பிறந்த ஒன்று இந்த வெயிலில், இந்த ஹாலில், பிறந்து வளர்ந்து நிலைத்தது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அது நடந்தால் எனக்கும் இங்கே இருக்கப் பிடித்துவிடும் என்று நம்பினேன்.

உளுவையில் தாய்க்கு வேலை முட்டையிடுவதோடு சரி. கவிழ்ந்த சிப்பியின் உள்கூரையில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆண் உள்ளே படுத்துக்கொண்டு இரவும் பகலும் துடுப்பால் விசிறும். ஐந்தாறு நாளில், விளக்கு வைக்கிற நேரத்தில், குஞ்சுகள் ஒட்டுமொத்தமாக வெளியே வரும். குஞ்சு என்றால் இரண்டு கண்ணும் ஒரு நூலும். கல்லைப் பிடிக்கத் தெரியாது. வெளிச்சத்தைப் பார்த்து மேலே மேலே நீந்தும். நாலு வாரம், ஐந்து வாரம் அப்படி அலைந்த பிறகுதான் ஒரு நாள் கீழே இறங்கித் தரையில் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் பிழைத்தது என்று அர்த்தம்.

முதல் ஈடு குஞ்சுகள் பிப்ரவரியில் வந்தன. அவித்த மஞ்சள் கருவைக் கரைத்துத் துணியில் வடித்து ஊற்றினேன். மூன்றாம் நாள் தண்ணீர் நாறியது, குஞ்சு ஒன்றும் இல்லை. இரண்டாவது ஈடு மே மாத லீவில் வந்தது. இந்தத் தடவை மொட்டை மாடியில் பாட்டில்களில் கடல் தண்ணீரை வெயிலில் வைத்துப் பாசி பிடிக்க விட்டு, அதில் பெருகும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைக் கைக்குட்டையில் வடித்துக் கொடுத்தேன். குஞ்சுகளை ஒரு சாண் உயரச் சின்னத் தொட்டிக்கு மாற்றினேன். கரண்ட் போனால் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது என்று சைக்கிள் ட்யூபில் காற்றடித்து அதன் வாயைத் தண்ணீருக்குள் விட்டேன். நாள் பூராவும் பக்கத்திலேயே இருந்தேன். திருச்சி வெயிலில் இரண்டே நாளில் ஒரு விரற்கடை தண்ணீர் வற்றும். தொட்டியில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தேன். கோட்டுக்குக் கீழே இறங்கினால் உடனே கேனிலிருந்து கடல் தண்ணீரை ஊற்றுவேன். கடல் குறைந்தால் கடலைத்தானே ஊற்ற வேண்டும்? பன்னிரண்டாம் நாள் எல்லாம் செத்துப்போயின. கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. துடைக்காமல் விட்டேன்.

மூன்றாவது ஈடு ஜூலையில். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் பகலெல்லாம் நான் வீட்டில் இல்லை. ஆனால் இந்த ஈடு பிழைத்தது! பத்து நாள் தாண்டியது, பதினைந்து தாண்டியது. முப்பதுக்கு மேல் குஞ்சுகள், அரிசிமணி நீளம், வயிற்றில் வெள்ளிப் பொட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் மட்டமும் கோட்டிலேயே நின்றது. தொட்டியை ஃபேனுக்கு அடியிலிருந்து நகர்த்தி வைத்ததுதான் காரணம் என்று கணவருக்கு விளக்கினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பாடம் நடத்தும்போது மனசு முழுக்கத் தொட்டியிலேயே இருக்கும். மணி அடித்ததும் ஓடிவந்து பஸ் பிடிப்பேன்.

இருபத்து மூன்றாம் நாள். யாரோ பெரிய மனிதர் இறந்து பள்ளிக்கூடம் காலையிலேயே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைகிறேன், அண்ணி சின்னத் தொட்டிக்கு முன்னால் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறார். கையில் சொம்பு. உள்ளங்கையைத் தண்ணீரின் மேல் வைத்து, அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன ஊத்துறீங்க?"

"பானைத் தண்ணிம்மா. குழாயில பிடிச்சு ராத்திரி தெளிய வச்சது."

"ஆத்துத் தண்ணியா? எத்தனை நாளா?"

"நீ ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து. பாதிக்கு மேல போகலம்மா. தீர்த்தத் தொட்டியில ஊத்துற மாதிரிதான். தீர்த்தம் குறைஞ்சா நல்ல தண்ணி சேர்த்துக்கலாம், சேர்க்கிறது பாதிக்குக் குறைவா இருந்தா தீர்த்தம் தீர்த்தமாவே இருக்கும்னு கோவில் சாமியார் சொல்லிருக்காரு. கேன் தண்ணி தீர்ந்தா உனக்குக் கஷ்டமேன்னுதான்..."

நான் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்குக் கத்தினேன். கடல் மீனுக்கு ஆற்றுத் தண்ணீர் விஷம், எட்டாவது படித்தவர்கள் எட்டாவது படித்த மாதிரி இருக்க வேண்டும், இதென்ன கோவில் தொட்டியா என்றெல்லாம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"ஒண்ணைப் பெத்து வளர்த்திருந்தா தெரியும் உங்களுக்கு" என்றேன்.

அண்ணி சொம்பைக் கீழே வைத்தார். முக்காட்டை எடுத்துவிட்டார். அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று உள்ளே போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றே பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் கேன் தண்ணீரை ஊற்றினேன். அதன்பின் காலையும் மாலையும் கோட்டைப் பார்த்துக் கடல் தண்ணீரால் நிரப்பினேன். அண்ணி தொட்டிப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் ஐந்து குஞ்சுகள் மிதந்தன. அண்ணி ஊற்றிய தண்ணீரின் வேலை என்று பல்லைக் கடித்தேன். மறுநாள் எட்டு. தீனியைக் கூட்டினேன், குறைத்தேன், தொட்டியை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், திரும்பக் கொண்டுவந்தேன். கோவிலில் கொடியேற்றத்துக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது, காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் தெருவில் பாடிக்கொண்டு போனார்கள். எனக்கு அவர்கள்மேல்கூடக் கோபம் வந்தது. பத்தாம் நாள் நாலே நாலு குஞ்சு மிச்சம்.

அன்று சாயங்காலம் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை சொரசொரத்தது. மறுபடி வெள்ளையாக உப்பு. விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தேன்.

அது கடல் இல்லை. அந்த ருசி எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் உப்பளத்துப் பாத்திகளில் விரல் நனைத்து நக்கிப் பார்ப்போம். முதல் பாத்தி கடல் மாதிரி இருக்கும். மூன்றாவது பாத்தி நாக்கைச் சுடும். என் தொட்டி மூன்றாவது பாத்தியாக இருந்தது. வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போவதில்லை. உப்பு அங்கேயே இருக்க, அதன்மேல் இன்னும் உப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்புக்கு ஆவியாதல் பாடம் வருஷா வருஷம் நடத்துகிறவள், உப்பளத்துக் கரையில் பிறந்தவள், ஹாலில் உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மே மாதம் கொன்றதும் நான்தான். ஜூலையில் காப்பாற்றியது அந்தச் சொம்பு.

அண்ணி உள்ளறையில் பீடத்துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் போய் நின்றேன்.

"அண்ணி, தண்ணி குறைஞ்சிருக்கு. கொஞ்சம் ஊத்துங்களேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எவ்வளவு ஊத்தணும்னு நீயே சொல்லிடும்மா. எனக்கென்ன தெரியும்" என்றார். குரலில் குத்தல் இருந்திருந்தால்கூடத் தேவலை. இல்லை, நிஜமாகவே கேட்டார்.

சொம்போடு வந்து, முன்போலவே உள்ளங்கை வழியாக ஊற்றினார். ஒவ்வொரு கை ஊற்றியதும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை இறக்கினோம். அப்படியும் மூன்று போய்விட்டன. ஒன்று நின்றது.

அடுத்த வாரம் ஒரு காலையில் அதைத் தண்ணீரில் காணவில்லை. போயிற்று என்றுதான் நினைத்தேன். அண்ணிதான் குனிந்து பார்த்து விரலைக் காட்டினார். அடியில், சிப்பித் துண்டின் மேல், கிண்ணத் துடுப்பால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேல் இரண்டு கண். அப்பன் மாதிரியே அச்சாக. நான் அழுதுவிட்டேன்.

"அண்ணி, அன்னைக்கு நான் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க. தப்பு என்னுதுதான். மீனு விஷயத்துலயும் தப்பு, மத்ததுலயும் தப்பு."

"அட விடும்மா. கோவத்துல வர்றதுதானே" என்று என் முதுகைத் தட்டினார். நிஜமாகவே மன்னித்துவிட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அதற்குள் ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. மகள் ரிப்பனையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு வந்து, பிறந்ததிலிருந்து செய்வது போல, அண்ணியின் முழங்காலுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அண்ணி அவள் கூந்தலைக் கையில் எடுத்தார். எடுத்தவர், அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பின்னி விடட்டுமா?" என்று கேட்டார்.