துடைத்துவிட்ட சிவப்பு

எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுக்க வந்து உட்காருகிறவர்களிடம் என் வீட்டுக்காரர் முதலில் சொல்வது, "நிமிருங்க." பாஸ்போர்ட், அடையாள அட்டை, வேலை விண்ணப்பம், எதற்கானாலும் அதேதான். சொல்கிறவர் மட்டும் கேள்விக்குறி மாதிரி வளைந்து நிற்பார். தெருவில் அவருக்கு 'நிமிருங்க சார்' என்றே பேர். வாய்த்துடுக்கான பிள்ளைகள் யாராவது, "முதல்ல நீங்க நிமிருங்க சார்" என்றால், "நான் நிமிர்ந்துட்டா கேமராவை யார் பார்க்கிறது?" என்பார். இருபது வருஷமாகக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கல்யாணமான புதிதில் நேராகத்தான் இருந்தார். முப்பது வயதுவாக்கில் காலையில் முதுகு பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்தால் சரியாகும், படுத்தால் மறுபடி பிடிக்கும். பார்த்த டாக்டர், "கம்ப்யூட்டர் முன்னாடி கூனி உட்கார்ந்தா இப்படித்தான், ரெஸ்ட் எடுங்க" என்றார். ரெஸ்ட் எடுத்தார், இன்னும் மோசமாயிற்று. வேலை செய்தால் குறைகிற வலி என்ன வலி என்று எனக்கு எரிச்சல். "கடைக்குப் போனா சரியாயிடுது, வீட்டு வேலைன்னா மட்டும் பிடிச்சுக்குதா?" என்று கேட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அப்புறம் கழுத்தும் இறுகியது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். எங்களுக்குப் பழகிவிட்டது.

கடையில் அவர் படம் எடுத்து கம்ப்யூட்டரில் சுத்தம் செய்வார், நான் வெட்டி உறையில் போடுவேன். சுத்தம் என்றால் பரு, பறக்கும் முடி, காலர் சுருக்கம், தூக்கமில்லாத கண்ணின் சிவப்பு. வாய் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு வேலையை முடித்துவிடும்.

எங்களுக்கு ஒரே மகள். இருபத்து நான்கு வயதில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. அட்டைக்குப் படம் வேண்டும், மறுநாளே வெளியூரில் பயிற்சி. அவசரம் அவசரமாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"லைட்டைக் கொஞ்சம் குறைப்பா, கண்ணு கூசுது."

"ஒரு செகண்ட்மா. நிமிரு."

ஐந்து நிமிஷத்தில் எட்டுப் படம் வந்தது. எட்டையும் நான்தான் வெட்டினேன். என் பெண் அழகாக இருக்கிறாள் என்று எட்டுத் தடவையும் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தவளுக்கு வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. தூசி என்று நினைத்து மெடிக்கல் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறாள். இடது கண்ணை மூடினால் எல்லாம் புகையாகத் தெரிகிறது என்றாள். மறுநாள் காலையில் மூன்று பேரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா கருவியில் வெகுநேரம் பார்த்தார். "கண்ணுக்குள்ள வீங்கியிருக்கு. கண்மணியைச் சுத்தி இருக்கிற திரை பின்னாடி லென்ஸோட ஒட்டிக்கிச்சு. எப்போ சிவந்துச்சு?"

"ஒரு வாரம் இருக்கும்" என்றாள் மகள். திட்டு விழுமென்று பயம்.

"ஒரு வாரத்துல இவ்வளவு ஒட்டாதே."

"இருபத்திரண்டு நாள்" என்றார் இவர். போனை எடுத்து நீட்டினார். ஒரிஜினல் படத்தை அவர் எப்போதும் அழிப்பதில்லை. முந்தின மாலையே கடைக்குப் போய்த் தேடி எடுத்திருக்கிறார், என்னிடம் மூச்சுவிடவில்லை. படத்தில் வலது கண்ணின் கருவிழியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் இருந்தது. "அன்னைக்கே இருந்திருக்கு டாக்டர். நான்தான் துடைச்சுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அது பாட்டுக்கு வந்து போனது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை, உள்ளே மரத்துப்போய்விட்டது. சுவரில் இருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரையே பார்த்தார். "உங்க முதுகு எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டு, சுவரை ஒட்டி நிற்கச் சொன்னார். குதிகால் ஒட்டியது, தலை ஒட்டவில்லை. தலைக்கும் சுவருக்கும் இடையில் தன் கையை வைத்துப் பார்த்தார். முழுக் கையும் போயிற்று.

"காலையில பிடிச்சுக்கிட்டு, நடந்தா சரியாகுமா?"

"ஆமா" என்றேன் நான். அந்தக் கேள்வியை இருபது வருஷத்தில் யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

அவருக்கும் மகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா தாளைக் காட்டி விளக்கினார். "இது நம்ம ஆள்தான்னு உடம்போட காவல் படைக்குக் காட்டுறதுக்கு ஒவ்வொரு செல் மேலயும் ஒரு அடையாளம் இருக்கும். அதுல ஒரு வகை எச்.எல்.ஏ. பி27. உங்க ரெண்டு பேருக்கும் அது இருக்கு. இருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல ஒண்ணுமே வராது. சிலருக்கு உடம்பே தன் முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும், சிலருக்குக் கண்ணைத் தாக்கும். ஏன்னு இன்னும் முழுசாத் தெரியலை."

"என்கிட்டேர்ந்துதான் போச்சா?"

"ஆமா. ஆனா அது யாரோட தப்பும் இல்லை."

"துடைச்சது?" என்று கேட்டார்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

மகளுக்குப் பார்வை பாதிதான் திரும்பியது. கண்மணி வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. இடது கண்ணை வைத்து வரைபடம் போடுகிறாள். முதுகு வலித்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதுவரை வலிக்கவில்லை. தினமும் காலையில் கேட்கிறேன். அவருக்கு ஊசி போடுகிறார்கள், வலி குறைந்திருக்கிறது. வளைந்தது வளைந்ததுதான்.

கடையில் இப்போது அவர் யார் கண்ணையும் சுத்தம் செய்வதில்லை. "சார், கண்ணுல கொஞ்சம் சிவப்பைக் குறைங்களேன்" என்றால், "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்கிறார். இரண்டு பேர் சண்டை போட்டுவிட்டு அடுத்த தெரு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் காலை மகளிடம், "அட்டைக்கு வேற படம் எடுத்துத் தரவாம்மா?" என்று கேட்டார்.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இருக்கட்டும்பா. இதுல நல்லாத்தானே இருக்கேன்."

அதில் இரண்டு கண்ணும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அவள் அதைக் கழுத்தில் மாட்டும் நேரத்துக்கு, அவர் தினமும் உடம்போடு சேர்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.