லைனிங்கில் திருநீறு

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கோர்வையாகச் சொல்ல வராது. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். பாதி மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் என் மகள் வயிற்றுப் பேரன் எங்கள் ராஜபாளையம் வீட்டு வாசலில் அவனுடைய பெரிய வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு, முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் டிஸ்க்கும் பேடும் தானே மாட்டினான். பேட் இருந்த அட்டைப்பெட்டியை நான் சும்மா எடுத்துப் பார்க்கப் போனேன். “ஆச்சி, தொட்டுராதீக! கையில எண்ணெய் இருக்கும்” என்று கத்தினான். அவன் சொன்னது சரிதான், தலைக்கு எண்ணெய் தேய்த்த கை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. அதிலிருந்து வேறு நினைப்பு ஓடவில்லை.

அத்தை, அப்பாவுக்கு நேர் இளையவள். மாமா லாரி ஓட்டினார். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டியோடு போய்விட்டார். கொஞ்ச நாள் முன்னால்தான் அந்த லாரிக்குப் பிரேக் வேலை பார்த்திருந்தார்களாம். யார் தப்பென்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்தும் என்ன ஆகப்போகிறது? அத்தை ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, பின்கட்டு அறையில் இருந்துகொண்டாள். அம்மாவைவிட வயதில் சின்னவள், பார்ப்பதற்கு மூத்தவள் மாதிரி ஆகிவிட்டாள்.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு ஜீப் வைத்திருந்தார்கள். பட்டாளத்தில் ஓடிக் கழித்துப் போட்ட வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பிளவக்கல் பக்கம் அணை வேலை நடந்த காலம் அது. அந்தக் கரட்டுப் பாதையில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு அப்பாதான் ஓட்டுவார். மாமா போன பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். எஞ்சினை எந்தப் பட்டறைக்காரரும் பார்க்கலாம், பிரேக்கை மட்டும் அவரைத் தவிர யாரும் கழற்றி மாட்டக் கூடாது.

அந்தக் காலத்து ஜீப்புக்கு டிஸ்க் கிடையாது. சக்கரத்துக்குள்ளே டிரம் இருக்கும். அதற்குள்ளே பிறை மாதிரி இரண்டு இரும்புத் துண்டுகள், ஷூ என்பார்கள். அதன் முதுகில் லைனிங் என்கிற சொரசொரப்பான வில்லையை வைத்து ரிவிட் ஆணி அடித்திருக்கும். மிதித்தால் லைனிங் டிரம்மைக் கவ்வும், வண்டி நிற்கும். அந்த வருஷம் லைனிங் தேய்ந்து, ஆணி டிரம்மில் உரச ஆரம்பித்துவிட்டது. அப்பா வண்டியைக் கல்லில் ஏற்றி நிறுத்தி, எல்லா ஷூவையும் கழற்றி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய்ப் புது லைனிங் அடித்து வந்தார். மறுநாள் ஆயுத பூஜை. அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது. அதனால் ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றோடும் அந்தக் காகிதப் பொட்டலமும் சாமி முன்னால் உட்கார்ந்தது.

அப்பா எல்லாரையும் நிறுத்திச் சொன்னார். “ஸ்பானருக்கு என்ன வேணாலும் வைங்க. இந்த லைனிங்ல பொட்டு, எண்ணெய், எதுவும் படக் கூடாது. பட்டா வழுக்கிரும். பூவ மட்டும் மேல போடுங்க.”

“சாமிக்கு வச்ச சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்படி தம்பி?” என்றாள் பெரியம்மா.

“அந்தப் பொட்டயும் சேத்து என் நெத்தியில வைங்க மதினி.”

எல்லாரும் சிரித்தோம். அத்தை அங்கே இல்லை. இந்த மாதிரி நாளில் சூடம் காட்டி முடித்து, எல்லாரும் கலைந்த பிறகுதான் அவள் முன்கட்டுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போவாள். யாரும் வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

அன்று அப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். ஷூ மாட்டி முடித்தால் பிரேக் ஆயில் குழாயில் காற்று நிற்கும். அதை வெளியே எடுக்க ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். “நீதான் மிதிக்கணும்” என்றார். நான் அன்றைக்கே அம்மியை மிதித்துப் பழகினேன்.

விஜயதசமி காலையில் அப்பா குளித்து, சோப்புப் போட்டுக் கையைத் திரும்பவும் கழுவி, சாக்கை விரித்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு லைனிங்கிலும் மூன்று விரலால் இழுத்த திருநீற்றுப் பட்டை. உதிராமல் இருக்க விளக்கிலிருந்த எண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தது. எண்ணெய் ஊறிப்போய்ச் சுற்றிலும் கறுத்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் திருநீற்றை மட்டும் தொடுகிற கை ஒன்றுதான். சின்னப்பிள்ளை எனக்கே தெரிந்தது. “அத்தை...” என்று ஆரம்பித்தேன்.

“என்னட்டி பாக்க? உள்ள போய்த் துணி எடுத்துட்டு வா” என்று அப்பா என் பேச்சை வெட்டினார்.

நான் கொண்டுவந்த துணியால் அவசரம் அவசரமாகத் துடைத்தார். திருநீறு போயிற்று, எண்ணெய்க் கறை போகவில்லை. அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார்.

“ஏலே, என்னலே இது, புது லைனிங்ல?”

“எந்தக் கை பட்டுச்சோ” என்று பெரியம்மா பின்கட்டைப் பார்த்தாள்.

“என் கைதான் மதினி. கிரீஸ் கையோட எடுத்துட்டேன்” என்றார் அப்பா.

பெரியப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “இத்தன வருசம் ஸ்டேரிங் பிடிச்சு என்னலே பிரயோசனம்? இத மாட்டிக்கிட்டு இறக்கத்துல போயிருந்தா? வீட்டுல ஒருத்தி வெள்ளச்சீல உடுத்தினது பத்தாதாலே?”

கொல்லையில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கிணற்று ராட்டினம் சட்டென்று நின்றது.

அப்பா ஷூக்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். விஜயதசமிக்குக் கடை திறந்து, பேருக்குச் செத்த நேரம் வேலை பார்ப்பார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். மறுநாள் விடியற்காலை ஜீப் பிளவக்கல் போயாக வேண்டும்.

மத்தியானம் அத்தை சாப்பிட வரவில்லை. அம்மா என்னை அனுப்பினாள். அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வலது கை விரல்களைச் சேலையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“கை அழுக்கா அத்தை?”

“ஆமாட்டி. போகமாட்டேங்கு.”

அப்பா வேறு லைனிங் அடித்து வந்து, ஒவ்வொரு சக்கரமாக மாட்டி முடிக்கும்போது வெயில் இறங்கிவிட்டது. நான் ஓடிப்போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

“நீ இறங்குத்தா” என்றார் அப்பா. பின்கட்டைப் பார்த்து, “ஏட்டி, இங்க வா” என்று அத்தையைக் கூப்பிட்டார். அவள் நிலைப்படியோடு நின்றாள். “வண்டியில ஏறு. பிரேக்க மிதிக்கணும்.”

“தம்பி, விசயதசமியும் அதுவுமா!” என்று பெரியம்மா பதறினாள். “விடிஞ்சா மலைக்குப் போற வண்டி. அவளையா ஏத்துதீக?”

“என் காலு வேண்டாம்ண்ணே” என்றாள் அத்தை, வாய்க்குள்ளேயே. “நான்தான்ண்ணே... எனக்குத் தெரியாது...”

“உன் காலுக்குப் பிடிச்சாத்தான் நான் நாளைக்கு ஏறுவேன். இல்லன்னா வண்டி இங்கனயே நிக்கட்டும்.”

பெரியப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார்.

அத்தை சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். அப்பா கீழே படுத்தார். மிதி, பிடி, விடு என்று கீழேயிருந்து குரல் வந்தது. பாட்டிலுக்குள் விட்டிருந்த ரப்பர் குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. முதலில் பெடல் ‘தொபுக்’கென்று உள்ளே போயிற்று. போகப் போகக் குமிழி குறைந்தது.

“அண்ணே, கல்லு கணக்கா இருக்குண்ணே!”

அத்தை அம்புட்டுச் சத்தமாகப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அப்பா வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டி, மிதித்து நிறுத்திப் பார்த்தார். வந்து, “பிடிக்கு” என்றார். மறுநாள் மலைக்குப் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பினார்.

நான் அன்று சாப்பிடாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்தேன். அப்பா பெரியம்மாவிடம் பொய் சொன்னார், என்னிடம் சொன்ன வாக்கையும் மாற்றினார். பிள்ளைகளை மட்டும் பொய் சொல்லாதே என்று அடிக்கிறார்களே என்று நினைத்தேன். அத்தைமேல்கூடப் பொறாமையாக இருந்தது. கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை.

அப்பாவும் போய்விட்டார், அத்தையும் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு சொந்தத்தில் ஒரு கலியாணம். அட்சதைத் தட்டைக் கையில் வைத்திருந்தேன். யாரோ வந்து, மரியாதையாகத்தான், “நீங்க உக்காருங்கம்மா” என்று அதை வாங்கிக்கொண்டு போனார்கள். கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் அப்பா அன்றைக்கு அத்தையைக் கூப்பிட்ட குரல் என் காதில் விழுந்தது. சிறுபிள்ளைக்கு அது எங்கே கேட்டது? என் இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார் என்பது மட்டும்தான் தெரிந்தது.

பிரேக் வேலையை நான் வரிசை மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஷூ, டிரம், ஆயில் எல்லாம் பார்த்த ஞாபகத்தில் எழுதியதுதான். பழைய ஜீப் வேலை தெரிந்த யாராவது பார்த்துத் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். அத்தையைப் பற்றி எழுதியதை மட்டும் அப்படியே இருக்க விடுங்கள்.