வீட்டுக்கு மூன்று புறா

பீல் நகரத்தில், ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய நாலுமாடிக் கட்டடத்தில் குழாய் அடைத்தாலும் அந்தோனிதாஸ், கதவு இறுகினாலும் அந்தோனிதாஸ். ஹவுஸ்வார்ட் என்று அந்த வேலைக்குப் பெயர். கூட்டிப் பெருக்கி, பல்பு மாற்றி, பனி தள்ளி, சலவை அறைச் சண்டையை விலக்கி வைக்கும் உத்தியோகம். சம்பளத்தோடு மேல்மாடியில் ஒரு வீடும் உண்டு. மன்னார்க் கரையில் வலை இழுத்த கை, அகதியாக வந்து உணவகத்தில் கோப்பை கழுவி, மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி, கடைசியில் இந்தத் துடைப்பத்தில் வந்து நின்றது. மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. “என்ர பில்டிங்” என்றுதான் சொல்லுவார், ஏதோ சீதனமாக வந்த மாதிரி.

அந்தத் தலைக்கனத்தைத்தான் கட்டட நிர்வாகத்து அதிகாரி லூத்தி சரியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தடியில் ஒரு மரச்சட்ட அறை உண்டு. கெல்லர் என்பார்கள். பழைய சைக்கிள், பனிச்சப்பாத்து, அரிசி மூட்டை எல்லாம் அங்கேதான் கிடக்கும். குழாய் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் எல்லோருடைய கெல்லர்ச் சாவியும் வேண்டும் என்றார் லூத்தி. “நான் கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள்.” போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். நகரத்தின் மறுபக்கத்தில் லிப்ட் வைத்த புதுக் கட்டடம் ஒன்று நிர்வாகத்துக்கு உண்டாம். வசந்தத்தில் அங்கே ஒரு வீடு காலியாகுமாம். அந்தோனிதாசுக்கே தரலாமாம்.

மனைவி யூலியானாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. லிப்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்த நாளே சாமான் கட்ட மட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின.

அந்தோனிதாஸ் ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போனார். இரண்டாம் மாடிச் சஜீதா சாவியோடு சுடச்சுட ரோல்ஸும் கொடுத்தாள். போர்த்துக்கல்காரர் சாவியைத் தகரத்துக்குள் எறிந்துவிட்டு “கோல்” என்று கத்தினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாம் மாடி ஹலினா மட்டும் கையை நீட்டவில்லை.

ஹலினா போருக்குத் தப்பி உக்ரேனிலிருந்து வந்தவள். கொரொஸ்தென் என்ற காட்டோரத்து ஊர். அங்கே நகர அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருந்தாள். இங்கே முதியோர் இல்லத்தில் அறை துடைக்கிறாள். இரண்டு பேரும் பேசியது உடைந்த ஜெர்மன். அதை அப்படியே எழுதினால் வாசிக்கிறவருக்குப் பல் உடையும். ஆகவே நம்முடைய தமிழில் நிமிர்த்தித் தருகிறேன்.

“என்னத்துக்குத் திறப்பு?” என்றாள், தகரத்துச் சாவிகளைப் பார்த்து.

“சின்ன விசயம். குழாய் பாக்கினமாம். எல்லாரும் தந்திட்டினம்.”

“அதுதான் பயமா இருக்கு,” என்றாள் ஹலினா. “இருங்கோ, ஒரு கதை சொல்லுறன். எங்கட ஊர் காட்டு ஊர். ஆயிரம் வருசத்துக்கு முதல் அங்க இருந்த சனத்துக்குப் பேரே மரத்துச் சனம் எண்டுதான். கீவ் நகரத்து இளவரசன் இகோருக்குத் தேனும் மெழுகும் தோலும் திறையாக் குடுக்கிறவை. ஒருக்கா அவன் வந்து வாங்கிக்கொண்டு போனவன். பாதி வழியில ஆசை கூடி, படையை வீட்டுக்கு அனுப்பிப்போட்டு, கொஞ்சப் பேரோட திரும்பி வந்தான். ரெண்டாந்தரம் வந்தபடியால எங்கட சனம் அவனைக் கொலை செய்துபோட்டுது.”

“பிறகு?”

“அவன்ர மனிசி ஓல்ஹா விடுவாளோ? சமாதானம் பேசப் போன எங்கட ஆக்களைப் படகோட உயிரோட குழியில தாட்டாள். அடுத்துப் போன ஆக்களைக் குளிக்க விட்டு, கதவை அடைச்சுக் கொளுத்தினாள். பிறகு படையோட வந்து எங்கட ஊரை வளைச்சாள். கோடை முழுக்க இருந்தும் பிடிக்கேலாமல் போச்சு. அதுக்குப் பிறகுதான் குரலை மாத்தினாள். ‘என்ர கோவம் ஆறிட்டுது. உங்களிட்டத் தேனும் இல்லை, தோலும் இல்லை. வீட்டுக்கு மூண்டு புறா, மூண்டு குருவி தாங்கோ, அதுவே காணும், நான் போறன்’ எண்டாள்.”

“குடுத்தினமோ?”

“சிரிச்சுச் சிரிச்சுக் குடுத்தினம். இதென்ன பெரிய விசயமோ? பொழுதுபட, ஒவ்வொரு பறவையின்ர காலிலயும் கந்தகத்தைத் துணியில சுத்திக் கட்டி, நெருப்பு வைச்சு விட்டாள். புறா எங்க போகும்? தன்ர கூட்டுக்குத்தான் போகும். குருவி தன்ர கூரைக்குத்தான் போகும். எரியாத வீடு ஒண்டும் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில எரிஞ்சா ஆர் அணைக்கிறது?”

“இது உண்மையோ?”

“துறவியள் எழுதி வைச்ச பழைய ஏட்டில இருக்கு. பாதி கட்டுக்கதை எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுவினம். ஆனா எங்கட ஊரில பிறந்த ஆருக்கும், ஒரு பெரிய இடம் சின்னதா ஒண்டு கேட்டா வயித்தைக் கலக்கும்.”

அந்தோனிதாசுக்குச் சுள்ளென்று ஏறியது. “அப்ப என்னை ஆரெண்டு நினைச்சீங்கள்? அந்த ஓல்ஹா எண்டோ?”

“இல்லை. நீங்கள் அவளுக்காக வீடு வீடாப் புறா வாங்க வந்த ஆள். அந்தாளும் நல்ல மனிசனாத்தான் இருந்திருப்பான்.”

தகரத்தை மூடிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். கோபம் ஹலினாவின் மேல் இல்லை என்பது அவருக்கே தெரியும். ஊரில் ஒரு காலை, இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தபோது, கோயில் மூப்பர் இப்படித்தான் கதவு கதவாக வந்தார். ‘வீட்டுக்கு ஒருத்தர் கோயில் வளவுக்கு வந்தாக் காணுமாம். சின்ன விசாரணை. பின்னேரம் விட்டிடுவினம்.’ மூப்பர் சொன்னால் ஊர் கேட்கும். அண்ணன் மரியநேசன் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தோனிதாஸ் அந்த மூப்பரின் முகத்தில் விழித்ததே இல்லை. மூப்பர் செத்த சேதி பீலுக்கு வந்த அன்றும், ஒரு மெழுகுதிரி கொளுத்த அவருக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை லூத்தி ஒரு பொறியாளரோடு வந்தார். முதலில் அந்தோனிதாசின் சொந்தக் கெல்லரைத் திறக்கச் சொன்னார்கள். குழாயை ஒருவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்த்து, சிவப்பு மையால் வட்டம் போட்டார். அந்தோனிதாஸ் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எல்லா அறையும் திறந்தால் திங்கட்கிழமை துளைக்கலாம்,” என்றார் பொறியாளர் லூத்தியிடம். “சுவரில் மாதிரி எடுத்தால்தான் கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்கலாம். ஆட்களுக்கு எப்போது சொல்லுவீர்கள்?”

“எல்லாம் கையில் வந்த பிறகு. இப்போதே தெரிந்தால் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள்.”

டோர்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது. லூத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள்? உங்களுக்குத்தான் லிப்ட் வீடு இருக்கிறதே. தகரத்தைக் கொண்டு வாருங்கள். அப்படியே அந்த உக்ரேன்காரியிடம் இன்னொரு தரம் போய்க் கேளுங்கள். நாங்கள் இங்கேயே நிற்கிறோம்.”

இன்னொரு தரம். அந்தோனிதாஸ் டோர்ச்சை அணைத்தார். படியேறும்போது கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொடுத்தால் லிப்ட் வீடு. கொடுக்காவிட்டால் வேலையும் இல்லை, வேலையோடு வந்த வீடும் இல்லை. இந்த வயதில் யார் வேலை தருவார்கள்? யூலியானாவின் முழங்காலுக்கு என்ன பதில் சொல்வது? மூப்பரை நினைத்தார். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று முதல் தடவையாகத் தோன்றியது. எனக்குத் தெரியுமே என்பது அடுத்ததாகத் தோன்றியது.

மேல்மாடிக்குப் போய்த் தகரத்தை எடுத்தார். பெட்டி கட்டிக்கொண்டிருந்த யூலியானா நிமிர்ந்தாள்.

“குடுக்கப் போறியளோ?”

“ஓம். ஆக்களிட்டையே.” நடந்ததைச் சொன்னார். “லிப்ட் வீடு இல்லை யூலியானா. இந்த வீடும் போகும்.”

அவள் முழங்காலைத் தடவினாள். கண் நிறைந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“தெரிஞ்சிருந்தா மூப்பரும் திரும்பி வந்து சொல்லியிருப்பார், என்னப்பா?”

“எனக்குத் தெரியேல்லை.”

“சொல்லியிருந்தா மரியநேசன் அண்ணை வீட்ட நிண்டிருப்பார். வாங்கோ, நானும் வாறன்.”

இருவரும் மேலிருந்து கீழே கதவு கதவாகத் தட்டினார்கள். யூலியானாவுக்குப் படி இறங்குவது ஏறுவதைவிட வேதனை. ஒவ்வொரு படியிலும் உதட்டைக் கடித்தாள். ஒவ்வொரு வாசலிலும் அந்தோனிதாஸ் சாவியை உரியவர் உள்ளங்கையில் வைத்து, இடிக்கப் போகிறார்கள் என்ற சேதியைச் சொன்னார். சஜீதா வாயைப் பொத்தினாள். போர்த்துக்கல்காரர் இந்த முறை கோல் போடவில்லை, சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். ஹலினா கதவைத் திறந்தபோது கையில் பாண் வெட்டும் கத்தி இருந்தது.

“ரெண்டாந்தரம் வந்திட்டன்,” என்றார் அந்தோனிதாஸ். “வாங்க இல்லை. சேதி குடுக்க.”

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யூலியானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கெல்லர் வாசலில் லூத்தி மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். படியில் ஆட்கள் இறங்கி வருவதைக் கண்டதும் அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் கையை நீட்டினார்.

“சாவிகள்?”

அந்தோனிதாஸ் தகரத்தைத் திறந்து காட்டினார். உள்ளே பிஸ்கட் தூள்தான் கிடந்தது.

“எல்லாம் தன் தன் வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டுது,” என்றார்.