புதன்கிழமைப் புள்ளடி

தம்பி பிறந்த வருடம் எங்கள் வளவில் மூன்று ஏணைத் தொட்டில்கள் ஆடின. பெரியகல்லாற்றில் பெண்கள் கலியாணம் முடித்து வெளியே போவது குறைவு. ஆண்கள்தான் பெட்டியோடு வந்து சேர்வார்கள். அப்படி, அம்மாவின் தகப்பன் விட்டுப்போன வளவு மூன்றாகப் பிரிந்து, ரோட்டுப் பக்கம் பெரியம்மா வீடு, நடுவில் எங்கள் வீடு, வாவிப் பக்கம் சின்னம்மா வீடு என்று ஆகியிருந்தது. பெரியம்மாவுக்குப் பதினொரு வருடம் காத்திருந்து ஒரு மகன். சின்னம்மாவுக்கு முதற்பிள்ளை, மகள். இரண்டுக்கும் நடுவில், எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, எங்கள் வீட்டில் தம்பி.

"மூண்டு மாப்புளமாரும் சங்கத்தில லோன் எடுத்த மாதிரி ஒரே நேரத்தில எடுத்திருக்கிறீங்க" என்று சந்திக் கடைக்காரர் பகிடி விட்டார். அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் சிரித்தார்கள். கட்டவேண்டிய நேரமும் ஒன்றாகத்தான் வரும் என்று அவர்கள் அப்போது யோசித்திருக்கமாட்டார்கள்.

அப்பா மேசன். பெரியப்பா லீசிங்கில் எடுத்த ஓட்டோ ஓடினார். சித்தப்பா வாவியில் வலை போட்டார். மாரி தொடங்கினால் மூன்று தொழிலும் சேர்ந்து படுத்துவிடும். மழைக்குள் யாரும் சுவர் கட்டமாட்டார்கள். ஓட்டோவுக்கு ஆள் இருக்காது. வலையில் மீனுக்குப் பதிலாக ஆற்றுவாழைச் செடிதான் ஏறும். பின்னேரங்களில் மூவரும் சின்னம்மா வீட்டுப் பின்புறம் கவிழ்த்துப் போட்ட தோணியில் குந்திக்கொண்டு, எதை அடுத்த கிழமைக்குத் தள்ளலாம் என்று பேசுவார்கள். லீசிங், லைட் பில், பால்மா. ஒருநாள் சித்தப்பா முடிவாகச் சொன்னார்: "லீசிங்காரன் அழமாட்டான், அண்ணன். புள்ளையள் அழும். மாவ முதல்ல வாங்குவம்." அதற்குப் பிறகு, அன்றைக்கு யாருடைய கையில் காசு புரண்டதோ அவர் மூன்று வீட்டுக்கும் பால்மா வாங்கிவந்தார். யார் எத்தனை தடவை வாங்கினார் என்பதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வேறு ஆளாக வந்திருந்தார். தலை வாரவில்லை. தட்டில் போட்டுக் கொடுத்தால் சாப்பிட்டார், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. தம்பி அழுதால் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். யாராவது தூக்கி மடியில் வைத்தால் பிடித்துக்கொள்வார், எடுத்தால் விட்டுவிடுவார். சின்னம்மா தன் மகளுக்குப் பால் கொடுத்து முடித்ததும் தம்பியை எடுத்து மற்றப் பக்கம் வைத்துக்கொள்வார். அப்பா இரண்டு கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே நின்றார். மூன்றாவது கிழமை அரிசி வாங்கவே அவர் போகவேண்டியிருந்தது.

எங்கள் பகுதிக்கு வரும் குடும்பநல மாதுவை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து அம்மாவிடம் நெடுநேரம் மெதுவாகப் பேசினார். பிறகு அப்பாவை வேலிக் கடப்படிக்குக் கூட்டிப்போனார். நான் பின்னால் நின்றேன்.

"கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க, டொக்டர் பாக்கட்டும். இது புள்ளை பெத்தவங்களுக்கு வாற வருத்தம்தான், மாறும். அதுமட்டும் இவவத் தனிய விடவேணாம். புள்ளையோட தனிய விடவே வேணாம்."

அப்பா தலையை ஆட்டினார். எனக்கு இது நன்றாக விளங்கியது. அம்மாவுக்கு வேலை அதிகம். வேலையைப் பிரித்துக் கொடுக்கவேண்டும். வகுப்பறை துப்புரவுக்குப் பட்டியல் போடும் பொறுப்பு அந்தத் தவணை என்னிடம்தான் இருந்தது. ஆகவே முறை தெரியும்: ஒருவரையும் விடக்கூடாது, ஒருவருக்கும் கூடக் கொடுக்கக்கூடாது.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். தலைப்பு, "பிள்ளை பார்க்கும் முறை". கிழமை, பெயர், செய்தால் சரி, செய்யாவிட்டால் பிழைக்குப் புள்ளடி போட ஒரு கட்டம். பெரியம்மா விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஏழு மணிக்குப் பிறகு அவருக்கு வேலை இல்லை என்று கணித்தேன். அவர் நித்திரை கொள்ளவேண்டும் என்பது என் கணிப்பில் வரவில்லை. சின்னம்மா காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைக்கு நைட்டி தைத்துக் கொடுத்தார். புதன்கிழமை ஏழு மணி பஸ்ஸில் தைத்ததைக் கொண்டுபோய், வெட்டிய துணி எடுத்துவருவார். ஒரு புதன் போகாவிட்டால் அந்தத் துணி வேறு யாருக்கோ போய்விடும். ஆகவே திங்களும் வியாழனும் பெரியம்மா, செவ்வாயும் வெள்ளியும் சின்னம்மா, சனி ஞாயிறு அப்பாமார். புதன்கிழமைக்கு ஆள் இல்லை. அம்மாவின் பெயர் மிச்சம் இருந்தது. எழுதினேன்.

அப்பா அந்தத் தாளைக் கனநேரம் பார்த்தார். பிறகு சோற்றுப் பசை தடவி, ஏணைக்கு மேலே சுவரில் ஒட்டினார். பெரியம்மா வாசித்து, புதனில் விரலை வைத்து, அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுத்து நல்ல வடிவாக் கிடக்குகா" என்று மட்டும் சொன்னார்.

முதல் புதன்கிழமை நான் பள்ளிக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்க, பெரியம்மா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நான் சுவரைக் காட்டினேன்.

"அட, இண்டைக்குப் புதனா? நான் வியாழன் எண்டெல்லோ வந்தன். சரி, வந்தது வந்திட்டன். ஒள்ளுப்பம் இருந்திட்டுப் போறன்."

நான் பள்ளி விட்டு வந்தபோதும் இருந்தார். சுவரோரம் சாய்ந்தபடி ஒரு காலால் ஏணைக் கயிற்றை ஆட்டிக்கொண்டு, பாதி நித்திரையில். இரண்டாவது புதன் திருவலை கேட்டு வந்தார். தேங்காய் துருவி, சொதி வைத்து, அம்மாவுக்குத் தலை வாரி, மத்தியானம் வரை இருந்தார். மூன்றாவது புதனுக்கு முன்பு, "புதன்" என்பதைச் சிவப்புப் பேனையால் தடித்து எழுதினேன். அப்படியும் வந்தார்.

"பெரியம்மா, பாருங்க. சிவப்பில எழுதிக் கிடக்கு."

"கண்ணாடி இல்லாம எனக்கு எங்க மகள் தெரியப்போகுது?"

பெரியம்மா இரவில் சிமினி விளக்கு வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோப்பவர். அவர் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்பதை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

நான்காவது புதன் பள்ளிக்குள் தண்ணீர் ஏறியதால் லீவு. முதல்நாள் இரவே பெரியம்மாவின் மகனுக்கு மூச்சிழுப்பு வந்து, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சித்தப்பா வாவியில். அப்பாவுக்குப் பத்து நாள் வேலையில்லாமல் இருந்த பிறகு கல்முனையில் ஒரு வீட்டு உட்பூச்சு வேலை கிடைத்திருந்தது. கரண்டி வாளியைச் சைக்கிளில் கொழுவுவதும் திரும்பக் கழற்றுவதுமாக நின்றார். சின்னம்மா மகளோடு வந்து, அவளைத் தம்பிக்குப் பக்கத்தில் பாயில் கிடத்தினார்.

"நீங்க போங்க அத்தான். நான் நிக்கிறன்."

அப்பா போனார். ஆறரை ஆயிற்று. சின்னம்மா உடுப்பு மாற்றுகிற மாதிரித் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"சின்னம்மா, பஸ் போகப்போகுது. இண்டைக்கு உங்கட முறை இல்ல. அம்மாட முறை."

"இண்டைக்குப் போகல்ல மகள்."

"துணிய வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க? போன கிழமையும் அம்மாட முறைக்குப் பெரியம்மாதான் நிண்டவ. அம்மா ஒருநாளும் செய்யல்ல. இப்பிடிச் செஞ்சா பட்டியல் எதுக்கு?"

இதை அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னேன். நீதியான விஷயத்தைச் சத்தமாகச் சொல்லலாம் என்பது என் எண்ணம். சின்னம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்போது கட்டிலிலிருந்து அம்மா பேசினார். கிழமைக்கணக்கில் ஆம், இல்லை தவிர ஒன்றும் சொல்லாத அம்மா.

"நீ போ. நான் பாக்கிறன்."

சின்னம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். பிறகு சின்னம்மா, "சரி அக்கா, அப்ப நான் போயிட்டு வாறன்" என்று எழும்பித் தன் வீட்டுக்குப் போனார். பஸ்ஸுக்குக் கட்டும் மஞ்சள் சீலையைக் கட்டி, தைத்த நைட்டிகள் அடங்கிய பையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் யன்னலுக்கு முன்னாலேயே நடந்து கடப்பால் வெளியே போனார். மகளை எங்களோடு விட்டுவிட்டுத்தான் போனார்.

நான் பட்டியலுக்குக் கீழே பேனையோடு உட்கார்ந்தேன். ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்துப் போனது கேட்டது. முதலில் சின்னம்மாவின் மகள் அழுதாள். அந்தச் சத்தத்தில் தம்பி அழுதான். அம்மா அசையவில்லை. நான் செய்யவேண்டியவற்றை வரிசையாக நினைத்தேன்: துணி நனைந்திருக்கிறதா, பசியா, எறும்பா. எறும்பு இல்லை. துணி இரண்டுக்கும் நனைந்திருந்தது. ஒருவரைத் தூக்கினால் மற்றவரை என்ன செய்வது என்று என் வரிசையில் இருக்கவில்லை. தம்பி அழுதழுது முகம் கறுத்துவிட்டான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அம்மா, எழும்புங்க அம்மா."

அம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யன்னலுக்கு வெளியே வேலி, வேலிக்கு அங்கால் ஒழுங்கைப் பாதை, மழைத் தூறல். நெடுநேரம் பார்த்தார். பிறகு காலைக் கீழே வைத்தார். முதலில் சின்னம்மாவின் மகளைத் தூக்கினார். துணியை மாற்றித் தோளில் போட்டு, "அழாத கா. கொம்மா வருவா" என்றார். அவளை என் மடியில் வைத்துவிட்டு, குனிந்து, ஒருவரும் எடுத்துக் கொடுக்காமல் தம்பியைத் தூக்கினார். தூக்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாதவர் போல நின்றார். பிறகு மெதுவாக நடக்கத் தொடங்கினார், கட்டிலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து கட்டிலுக்கு. தம்பி விக்கி விக்கி அடங்கினான்.

நான் புதன்கிழமைக் கட்டத்தில் அம்மாவுக்கு ஒரு பெரிய சரி போட்டேன்.

நனைந்த துணிகளை அலசக் கிணற்றடிக்குப் போனபோதுதான் வேலிக்கு அங்கால் மஞ்சள் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். சின்னம்மா. பையைப் பொலித்தீனால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நனைந்துபோய் நின்றார். மற்றக் கையின் இரண்டு விரலால் வேலிக் கிடுகை விலக்கிப் பிடித்திருந்தார்.

"பஸ்ஸ விட்டிட்டீங்களா?"

"ஓம் மகள். கண்ணுக்கு முன்னால போயிட்டு."

"நான் ஆறரைக்கே சொன்னன்தானே."

"சொன்னதான். பிழை எனக்குத்தான்." சிரித்தார். "கொம்மாட்டச் சொல்லிராத. ஒள்ளுப்பம் பொறுத்து வாறன்."

நான் சொல்லவில்லை. அவர் சொல்லைக் காப்பாற்றினேன். ஆனால் பட்டியல் பட்டியல்தான். உள்ளே போய் புதன்கிழமைக்கு நேரே, ஓரத்தில், "சின்னம்மா: பஸ்ஸைத் தவறவிட்டது" என்று எழுதி, சிவப்பில் ஒரு புள்ளடி போட்டேன்.

அம்மா ஒரே நாளில் சுகமாகவில்லை. பெரியப்பாவின் ஓட்டோவில் மட்டக்களப்புக்கு மாதம் ஒருமுறை டொக்டரிடம் போனார்; மருந்து இருந்தது; நல்ல நாளும் கெட்ட நாளும் இருந்தன. ஓட்டோவுக்குப் பெற்றோல் அடித்தவர் சில தடவை அப்பா, சில தடவை சித்தப்பா. அடுத்த மாரிக்குள் அம்மா பெரியம்மாவோடு சேர்ந்து இடியப்பம் பிழியத் தொடங்கியிருந்தார்.

நான் இப்போது ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வேலை முறைப் பட்டியல் போடுவது அங்கேயும் என் பொறுப்புத்தான். போன வருடம், தம்பியின் சாதாரணதரப் பரீட்சை விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடி அம்மாவின் பெட்டியைத் திறந்தோம். சான்றிதழுக்கு அடியில், நாலாக மடித்து, அந்தக் காலண்டர் தாள் இருந்தது. சின்னம்மாவும் பக்கத்தில் இருந்தார்.

"பாருங்கக்கா, உங்கட மகள் எனக்குப் புள்ளடி போட்டு வெச்சிருக்கிறா" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. தாளை வாங்கி மடியில் வைத்து நீவினார்.

"நீ போகல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "வேலிக்கால மஞ்சச் சீலை தெரிஞ்சது. பஸ் போன பிறகும் தெரிஞ்சது. அதப் பாத்துத்தான் எழும்பினன்."

பதினைந்து வருடமாக இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தம்பி சான்றிதழைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.

அன்று, நான் புள்ளடி போட்ட அந்தக் கிழமை முழுவதும் சின்னம்மா வீட்டில் தையல் மெஷின் ஓடவில்லை. அவர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த புதன்கிழமை, பெரியம்மா மகனோடு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்த பிறகு, சின்னம்மா ஆறரைக்கே போய் நின்று பஸ்ஸைப் பிடித்தார். நான் அவருக்கு ஒரு சரி போட்டேன். புள்ளடி போட்டபடியால்தான் ஆள் திருந்தியிருக்கிறார் என்று எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.